‘எம்மா’ 2000 பிரதி அச்சாகியும் ஜேன் ஆஸ்டினுக்கு 38 பவுண்டுதானா?

நூலேணி:
1815 டிசம்பரில் லண்டனில் ஜான் மர்ரே ‘எம்மா’ நாவலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். விலை 21 ஷில்லிங், அச்சிட்டது 2000 பிரதி. எல்லாம் விற்றால் 2100 பவுண்டு வர வேண்டும். ஆனால் ஆஸ்டின் கைக்கு முதலில் வந்தது 38 பவுண்டு 18 ஷில்லிங் 1 பென்னி. 1797-இல் ஆன் ராட்கிளிஃப் ‘தி இத்தாலியன்’ நாவலுக்கு 800 பவுண்டு வாங்கியிருக்கிறார். ஆஸ்டினுக்கே 450 பவுண்டு தருவதாக மர்ரே சொல்லி, அவர் மறுத்ததாகவும் படித்தேன். எங்கே இடிக்கிறது? பதிப்பாளர் ஏய்த்துவிட்டாரா?

ஈயஎழுத்து:
ஏய்ப்பு இல்லை. இரண்டு வேறு ஒப்பந்தங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள், அதனால்தான் இடிக்கிறது.

ராட்கிளிஃப் பதிப்புரிமையை மொத்தமாக விற்றார். பணம் கையில், அதன் பிறகு புத்தகம் ஓடினாலும் முடங்கினாலும் பதிப்பாளர் பாடு. ஆஸ்டின் ‘எம்மா’வைக் கமிஷன் முறையில் போட்டார். அதில் உரிமை எழுதியவரிடமே இருக்கும். காகிதம், அச்சு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் பதிப்பாளர் முன்பணம் போட்டு, விற்பனையில் கழித்துக்கொள்வார். தன் உழைப்புக்கு வழக்கமாக 10 சதவீதம் எடுப்பார். மிச்சம் எழுதியவருக்கு, நஷ்டம் வந்தால் அதுவும் எழுதியவருக்கே.

அந்த 2100-ஐ மறந்துவிடுங்கள். 21 ஷில்லிங் என்பது வாசகர் கடையில் கொடுக்கும் விலை. கடைக்காரருக்குப் பதிப்பாளர் அதைவிடக் குறைத்துத்தான் தருவார். 1816 அக்டோபர் வரை விற்றதும் 2000 இல்லை, 1248. அதில் நிகர லாபம் 221 பவுண்டு 6 ஷில்லிங் 4 பென்ஸ். இதுவரை நல்ல கணக்குதான்.

அடி விழுந்தது வேறு புத்தகத்தில். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ முதல் பதிப்பை 1814-இல் எகர்டன் என்ற பதிப்பாளர் போட்டு ஆறே மாதத்தில் தீர்ந்தது. அந்தத் தெம்பில் 1816-இல் மர்ரே மூலம் இரண்டாம் பதிப்பு 750 பிரதி வந்து, அப்படியே தேங்கியது. நஷ்டம் 182 பவுண்டு 8 ஷில்லிங் 3 பென்ஸ். ஒரே ஆசிரியர், ஒரே பேரேடு. 221-6-4-இல் 182-8-3 போனால் 38-18-1. (20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். தாளில் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.)

கந்தல்காகிதம்:
மறுபதிப்பு ஏன் அவ்வளவு ஆபத்து என்றால், அந்தக் காலத்தில் அது மறுபதிப்பே இல்லை, புது அச்சுக்கோப்பு. ஈய எழுத்து விலை அதிகம், எந்த அச்சகத்திலும் ஒரு நாவல் முழுவதையும் கோத்து வைக்கும் அளவுக்கு இருக்காது. சில தாள் கோப்பார்கள், புரூஃப் போகும், திருத்தி அடிப்பார்கள், உடனே எழுத்தைப் பிரித்து அறைகளில் போட்டு அடுத்ததைக் கோப்பார்கள். ஆக, இரண்டாம் பதிப்புக்குக் கோப்புக் கூலி முழுசாக மறுபடியும். 750 பிரதிக்கு அது கனக்கும்.

2000 பிரதியில் கனப்பது காகிதம். இந்த நாவல்கள் பன்னிரண்டு மடிப்பு அளவு, அதாவது ஒரு தாளின் இரு பக்கமும் சேர்த்து 24 பக்கம். ‘எம்மா’ மூன்று தொகுதியும் ஏறத்தாழ ஆயிரம் பக்கம், பிரதிக்கு 42 தாளுக்குக் குறையாது. 2000 பிரதிக்கு 84,000 தாள். 500 தாள் ரீம் என்றால் 168 ரீம். கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த காகிதம், அதன் மேல் அரசு வரி வேறு. ‘எம்மா’ அச்சில் இருந்தபோது வேலை நின்றதற்கு அச்சகம் காகிதக்காரரைக் கை காட்டியது ஆஸ்டினின் கடிதத்திலேயே இருக்கிறது.

வேகத்துக்காகத் தொகுதிகளைப் பங்கு போடுவதும் உண்டு. ‘எம்மா’வில் முதல் இரண்டும் ரோவர்த் அச்சகம், மூன்றாவது மோய்ஸ். முதல் பதிப்பு ஸ்கேன் கிடைத்தால் பக்கத்தின் அடியைப் பாருங்கள். கதை B என்ற தாள் குறியில் (மடித்த தாள்களை வரிசை மாறாமல் சேர்க்க அடியில் போடும் எழுத்து) தொடங்கும். தலைப்புப் பக்கம் கடைசியில்தான் அச்சாகும், அதற்காக A-யை ஒதுக்கிவிடுவார்கள். J, V, W குறிகளும் வராது. மின்பிரதியில் K காணவில்லையென்றால் தாள் விட்டுப்போயிருக்கிறது. J காணவில்லையென்றால் பதற வேண்டாம்.

நூலேணி:
கணக்கு புரிந்தது, நன்றி. அப்படியானால் 450-ஐ வாங்கியிருந்தால் பிழைத்திருப்பாரே?

மூன்றுதொகுதி:
450 ‘எம்மா’வுக்கு மட்டும் இல்லை. ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’, ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ உரிமைகளும் சேர்த்து. மர்ரேயை ‘கில்லாடி, ஆனால் மரியாதை தெரிந்தவர்’ என்கிற தொனியில் கடிதத்தில் எழுதிவிட்டு மறுத்தார். அவருக்கு முன் அனுபவம் இருந்தது: ‘சூசன்’ என்ற நாவலை 1803-இல் கிராஸ்பி என்ற பதிப்பாளருக்கு 10 பவுண்டுக்கு விற்றார். விளம்பரம் வந்தது, புத்தகம் வரவில்லை. 1816-இல் அதே 10 பவுண்டு கொடுத்து மீட்டார்கள் (பின்னாளில் ‘நார்த்தாங்கர் அபி’ ஆனது அதுதான்). ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ உரிமைக்கு 150 கேட்டு 110-க்கு எகர்டனிடம் விட்டார். அது அவர் வாழ்நாளிலேயே மூன்று பதிப்பு கண்டது, அவருக்கு அதற்கு மேல் காலணா இல்லை. இரண்டு முறை சூடு பட்டவர் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட யோசிப்பார்தானே.

ஆனாலும் என் கணக்கில் 450 நியாயமான விலை. 1832-இல் பென்ட்லி என்ற பதிப்பாளர், குடும்பத்திடம் மிஞ்சியிருந்த ஐந்து நாவல்களின் உரிமையையும் சேர்த்தே 210 பவுண்டுக்கு வாங்கினார். விற்காத ‘எம்மா’ பிரதிகளை அதற்குள் மர்ரே 2 ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

ஈயஎழுத்து:
ஒன்று சேர்க்கிறேன். முன்கூட்டியே சந்தா திரட்டி அச்சிடும் வழியும் இருந்தது. பிரான்சஸ் பர்னி 1796-இல் ‘கமில்லா’வை அப்படித்தான் போட்டார், ஒரு பிரதி ஒரு கினி (21 ஷில்லிங்). சந்தாதாரர் பட்டியலில் ஸ்டீவன்டன் ஊர் மிஸ் ஜே. ஆஸ்டினும் உண்டு.

இன்னொன்று, ஆஸ்டினுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதைக் கணக்கில் சேருங்கள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவன் சொத்து. ஷார்லட் ஸ்மித் கணவனைப் பிரிந்து, நாவல் எழுதிப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பணத்திலும் கணவன் பங்கு கேட்டு வந்துகொண்டிருந்தான், சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது.