ஆகஸ்ட் 9 அன்று வாழ்த்துச் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கும் உண்டா?

ஈசூன்காரன்:
சிங்கப்பூரின் தேசிய தினக் காலை. மின்தூக்கிக்குக் காத்திருந்தேன். அடுத்த வீட்டு மாமா தாழ்வாரத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். வீவக (அரசு வீட்டு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் ஆகஸ்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போகிறவன், அன்று என்ன தோன்றியதோ, "சுதந்திர தின வாழ்த்துகள் மாமா" என்றேன்.

அவர் வாயில் ஒரு துணி கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, "யாரிடமிருந்து?" என்று கேட்டார்.

வெள்ளைக்காரனிடமிருந்து என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "1959இல் சுயாட்சி. 1963இல் மலேசியாவோடு சேர்ந்தோம், வெள்ளைக்காரன் அன்றே போய்விட்டான். 1965இல் நாம் யாரிடமிருந்து பிரிந்தோம் என்று சொல் பார்க்கலாம்."

அன்று திங்கட்கிழமையாம். மாமாவுக்கு 16 வயது, தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் எடுபிடி. காலை 10 மணிக்கு வானொலியில் பாட்டு பாதியில் நின்று அறிவிப்பு வந்தது. அரிசி அளந்துகொண்டிருந்த முதலாளி படியைச் சாக்குக்குள் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். சிங்கப்பூரைப் பிரிக்கக் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. மாமாவுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: அண்ணன் மலேசியப் பக்கம், ஜோகூர் பாருவில் இருக்கிறான். முந்தைய நாள் மாலைதான் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுக் கடற்பாலம் தாண்டிப் போயிருக்கிறார். உள்ளூர் பஸ்ஸில் போனவர் ஒரே இரவில் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார்.

"அவன் சாகும்வரை அங்கே மலேசியாவின் நாளுக்கு, ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குக் கொடி கட்டினான். நான் இங்கே 9ஆம் தேதிக்குக் கட்டினேன்" என்றார் மாமா. அவ்வளவுதான். பிறகு நாலாவது மூலைக்குக் கிளிப் இல்லை என்று தேடினார். என் வீட்டிலிருந்து ஒன்று எடுத்துவந்து கொடுத்துவிட்டு மின்தூக்கியை மறந்து படியில் இறங்கிப் போனேன். பன்னிரண்டு மாடி.

காரைக்காலான்:
எனக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று இது நடக்கிறது. வேலையிடத்தில் ஒருவர் சட்டையில் மூவர்ணக் கொடி குத்திவிடுவார். போன வருடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்கள் ஊருக்கு 1947 இல்லை" என்றேன். "அப்படியானால் நீ பிரெஞ்சுக்காரனா?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

விளக்கினால் கேட்பார்களா? புதுச்சேரிப் பக்கம் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றது 1954 அக்டோபர் 18. நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1. பிரான்ஸ் சட்டப்படி விட்டுக்கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16. என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஆகஸ்ட் 15 அன்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14க்கு முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து பதக்கத்தைச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்குவார், நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் பதக்கத்தைப் பற்றி வேலையிடத்தில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். ஆனால் தாத்தாவை ஒளித்து வைத்ததுபோல் இருக்கிறது.

பழைய வாத்தியார்:
முதல் பதிவு எழுதிய தம்பிக்கு: தவறு உங்களுடையது. இங்கே அது தேசிய தினம். 'சுதந்திர தினம்' என்று அரசாங்கமும் சொல்வதில்லை, பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாமா கோபித்துக்கொண்டது நியாயம்.

என் அனுபவம் சிறியது. என் மனைவியைப் பார்த்துக்கொண்ட பிலிப்பினோ பணிப்பெண்ணுக்கு ஜூலை 4 அன்று வாழ்த்துச் சொன்னேன். நன்றி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். பிறகுதான் படித்தேன்: அமெரிக்கா விட்டுப்போனது 1946 ஜூலை 4. ஆனால் ஸ்பெயினிடமிருந்து அகினால்டோ விடுதலை அறிவித்த 1898 ஜூன் 12தான் எங்கள் நாள் என்று 1962இல் அதிபர் மக்கபகால் மாற்றிவிட்டார்.

ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன், வாழ்த்துமுன் விசாரியுங்கள். இந்தோனேசியர் என்றால் 1945 ஆகஸ்ட் 17. டச்சுக்காரர்கள் 1949 டிசம்பர் 27தான் என்று பல காலம் பிடிவாதம் பிடித்தார்கள், அந்தத் தேதியை அவர்களிடம் வாயில் எடுக்கவே கூடாது. பர்மாக்காரர் என்றால் 1948 ஜனவரி 4, சோதிடர் குறித்த நேரம் விடியற்காலை 4.20. இலங்கைத் தமிழரிடம், அதிலும் மலையகத்தாரிடம், பிப்ரவரி 4 பற்றிப் பேசாதீர்கள். 1948இல் நாடு விடுதலை பெற்றது, அதே ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. அவர்களுக்கு வாழ்த்து எதற்கு?

இன்னொன்று. கொடியைத் துணி கிளிப்பில் மாட்டக் கூடாது. பன்னிரண்டாவது மாடிக் காற்றுக்கு நிற்காது. நைலான் கயிறு வாங்கி நான்கு மூலையிலும் இரட்டை முடிச்சுப் போட வேண்டும். மழையில் நனைந்தால் உடனே எடுத்து உலர்த்துங்கள், சாயம் ஊறிவிடும்.

ஈசூன்காரன்:
ஐயா, மாமா கோபித்துக்கொண்டார் என்று நான் எழுதவில்லையே. கயிற்றுக்கு நன்றி.

ஜூரோங் வெல்டர்:
இதை யாரிடமும் சொன்னதில்லை. கப்பல் பட்டறையில் நான்கு வருடத்துக்கு முன்னால். என்னோடு வேலை செய்த வங்காளதேசக் கூட்டாளி, எங்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். டிசம்பர் 16, மதியச் சாப்பாட்டு நேரம். பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் ரசகுல்லா கொண்டுவந்தார். எங்கள் வெற்றி நாள் என்றார். உங்களுக்கு மார்ச் 26 அல்லவா என்று கேட்டேன். அது ஆரம்பித்த நாள், இது முடிந்த நாள் என்றார்.

அதோடு நான் இனிப்பைத் தின்றிருக்கலாம். "1971இல் எங்கள் இந்திய ராணுவம்தானே வாங்கிக் கொடுத்தது? பாகிஸ்தான்காரர்கள் 93,000 பேர் எங்களிடம்தானே சரணடைந்தார்கள்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றது. பிறகு பொட்டலத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என் பெரியப்பாவை மார்ச் மாதம் கொண்டுபோனார்கள். உங்கள் ராணுவம் டிசம்பரில் வந்தது."

டப்பாவை மூடவில்லை. எனக்கு இரண்டு எடுத்து வைத்தார். தின்றேன், என்ன செய்ய? அடுத்த டிசம்பரில் அவர் வேறு ஷிஃப்டுக்கு மாறியிருந்தார்.

வளையல்காரியின் பேத்தி:
இந்தியாவின் தேதியைப் பற்றி எனக்கும் ஒன்று உண்டு. பாட்டியின் அக்காள், நாங்கள் பெரிய பாட்டி என்போம். 1943 ஜூலையில் இங்கே பாடாங் திடலில் நேதாஜி பேசிய கூட்டத்துக்குப் போனவர். இந்தி ஒரு சொல் தெரியாது. பெண்கள் நகை கொடுத்தபோது இவரும் வளையலைக் கழற்றினார். ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று கழலவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் எச்சில் தடவி இழுத்தாளாம். தோல் வழன்ற தழும்பு கடைசிவரை மணிக்கட்டில் இருந்தது. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் ஒரு ஆகஸ்ட் 15. தொலைக்காட்சியில் செங்கோட்டை. "பாட்டி, இன்றைக்குத்தான் சுதந்திரம்" என்று காதருகே கத்தினேன். "அது அக்டோபர் 21 அல்லவா? கேத்தேயில்தான் அறிவித்தாயிற்றே" என்றார். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு 1943இல் இங்கே கேத்தே திரையரங்கில் அறிவிக்கப்பட்ட நாள் அது. மறதி என்று தாதியிடம் சொல்லி இருவரும் சிரித்தோம். அவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிராங்கூன் பிள்ளை:
வருத்தப்படாதீர்கள், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் 21க்கு நான்கு நாள் முன்னால், 17ஆம் தேதி, ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைந்தன. 415 கிலோமீட்டர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. பல்லாயிரம் தமிழர் அங்கேதான் கிடக்கிறார்கள். அந்த அரசுக்கு யார் துணை நின்றார்கள்? அதே ஜப்பான்காரன்தான். எங்கள் வீட்டில் அக்டோபர் 21 என்று யாரும் சொன்னதில்லை.

வளையல்காரியின் பேத்தி:
பெரிய பாட்டியின் தம்பியும் அந்தப் பாதைக்குத்தான் போனார். அவரும் வரவில்லை. இரண்டையும் ஒரே வாயால்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

பழைய வாத்தியார்:
இருவரும் பொறுமையாகப் பேசுங்கள். இந்த விஷயத்தில் ஜப்பானிய ஆவணங்கள், பிரிட்டிஷ் ஆவணங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். நான் நாளை விரிவாக எழுதுகிறேன்.

காரைக்காலான்:
வேண்டாம் ஐயா.

ஈசூன்காரன்:
இன்று காலை மாமாவைப் பார்த்தேன். வாத்தியார் சொன்ன கயிற்றைப் பற்றிச் சொன்னேன், அறுபது வருடமாகக் கிளிப்தான் என்றார். கிளிப்பைத் திருப்பித் தரட்டுமா, உனக்குத் துணி காயப்போட வேண்டாமா என்று கேட்டார். அவசரமில்லை, எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன்.

31ஆம் தேதி ராத்திரி என்றார்.