பலன் தர ஆண்டுகளாகும் மரங்களை நம்பி நிலத்தை ஒதுக்கலாமா?

கேள்வி (வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஊர்ப் பகுதியிலிருந்து):

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. மழையை நம்பி வேர்க்கடலையும் கொள்ளும் விதைக்கிறோம். மழை பொய்த்த ஆண்டில் விதைக்குப் போட்ட பணம்கூடத் திரும்புவதில்லை. ஒரு ஏக்கரில் மாவும் மற்றொன்றில் புளியும் வைக்க விரும்புகிறேன். அப்பாவோ, "காய்ப்புக்கு வரும்வரை வீட்டில் அடுப்பெரிய என்ன வழி?" என்று கேட்கிறார். அவர் கேட்பது நியாயம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். பொறுத்திருந்து பலன் கண்டவர்கள் இடைப்பட்ட காலத்தை எப்படிக் கடந்தீர்கள்?

மறுமொழி (குடியாத்தம், மாந்தோப்பு வைத்திருப்பவர்):

உங்கள் அப்பாவுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் குழி வெட்ட வேண்டும். பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 40 கன்றுகளே நிற்கும் என்பதால், முதல் சில ஆண்டுகள் வரிசைகளுக்கு நடுவே வேர்க்கடலை, உளுந்து எல்லாம் தொடரலாம். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரியையும் போடலாம். அது 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

சோதனை வேறொன்றில் இருக்கிறது. ஒட்டு மாங்கன்று சின்ன வயதிலேயே பூத்துவிடும். முதல் மூன்று ஆண்டுகள் அந்தப் பூங்கொத்துகளைக் கிள்ளி எறிய வேண்டும். காய்க்க விட்டால் கன்றின் வலுவெல்லாம் காய்க்குப் போய், கிளை பரவாமல் மரம் குறுகி நின்றுவிடும். பூத்ததைத் தன் கையாலேயே கிள்ள யாருக்கும் எளிதில் மனம் வராது. அந்த மூன்று ஆண்டும் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை ஒடிக்கவும், அக்னி நட்சத்திர வெயிலில் வேரடி காயாமல் மூடாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றவும், ஆடு மேயாமல் வேலி காக்கவும் வேண்டும். நட்டவுடன் மறந்துவிட்டுக் காய்ப்புக்குக் காத்திருந்தவர்களின் தோப்பில் பாதிக் கன்றுகள் மிஞ்சவில்லை என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன்.

மறுமொழி (கடன் பற்றி ஒரு சொல்):

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் எல்லோரையும் பொறுமை காக்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மாத வட்டிக்குக் கடன் வாங்கியவருக்குக் காலம் தாழ்வதே நட்டம். அப்படி ஏதும் இருந்தால் முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். அல்லது அரை ஏக்கரில் மட்டும் தொடங்குங்கள். புளியை விதைக் கன்றாக வைத்தால் காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம் என்பதால், பெரியகுளம் 1 போன்ற புளி ரகத்தின் ஒட்டுக் கன்றையே தேர்ந்தெடுங்கள். அது பாதிக் காலத்திலேயே காய்க்கத் தொடங்கும்.

மறுமொழி (கணியம்பாடியிலிருந்து):

எங்கள் பக்கத்து நாகநதியையும் நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த அந்த ஆற்றுப்படுகையைச் சுற்றி, நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள்தாம் குழி தோண்டிச் சிமெண்ட் உறை இறக்கி, நீர்செறிவுக் கிணறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார்கள். முதல் கிணறு முடிந்த அன்று ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடிவிடவில்லை. பெய்த மழை ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர் மட்டம் ஏறுவதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டியிருந்தன. 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் அந்தப் பெண்களைப் பாராட்டியபோது நாடு அறிந்தது; அதற்கு முந்தைய ஆண்டுகளில், பலன் வருமா என்று தெரியாமலே கூடை சுமந்தவர்கள் அவர்கள். உங்கள் நிலத்திலும் கன்றுக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மழைநீரைத் தேக்குங்கள்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். ஊடுபயிர் போடலாம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. கூட்டுறவு வங்கிக் கடன் முடியும்வரை புளியைத் தள்ளிவைக்கச் சொல்கிறார், நானும் ஒப்புக்கொண்டேன். ஆடியில் வரப்பு போட்டுவிட்டு மழை பிடித்ததும் ஒரு ஏக்கரில் மா நடப் போகிறோம். எங்கள் செம்மண்ணுக்குப் பங்கனப்பள்ளி மா ஏற்றதா, ‘பெங்களூரா’ என்னும் மா ரகம் ஏற்றதா என்று குடியாத்தம் நண்பர் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.