மட் (Mutt) என்ற மின்னஞ்சல் மென்பொருள் கையொப்பம் சரிபார்க்க மறுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

நாகலூர், ஏற்காடு:
காப்பிக்கு முன்பணம் போடச் சொல்லி, புது வங்கிக் கணக்கு எண்ணை மச்சான் ஜிபிஜி கையொப்பத்தோடு (மடல் அவருடையதுதான் என்று காட்டும் மின்னணுக் கையொப்பம்) அனுப்பியிருந்தார். முந்தின நாளே இறக்கி வைத்த மடல்தான். சாயந்திரம் கரன்ட் போய் வந்தது. திறந்தால் திரையின் கீழ்வரியில் "கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை". அவர் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி போன வாரம் வரை ஒழுங்காக இருந்தது. ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு, "மச்சான், இது நீங்க அனுப்புனதுதானா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம்தான் மடலின் மேலே மட் அடைப்புக்குறிக்குள் காட்டுகிற தற்போதைய நேரத்தைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1. மதர்போர்டில் கணினிக் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. அவர் சாவி 2019இல் போட்டது, என் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சாவி. ஜிபிஜியின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் "இக்னோர் டைம் கான்ஃபிளிக்ட்" என்று ஒரு வரி போட்டேன், சரியாகிவிட்டது.

அம்மாபேட்டை:
நாகலூர் நண்பரே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நேரம் பொருந்தாவிட்டாலும் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடச் சொல்லும் விருப்பம் அது. பணம் போகிற மடலில் அந்தக் காவலை எடுக்கவே கூடாது. சிஆர்2032 பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றுங்கள், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தேதியைத் திருத்துங்கள், கான்ஃபிக் கோப்பிலிருந்து அந்த வரியை அழியுங்கள், பிறகு அதே மடலைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

என் கதை சின்னது. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைந்து மட் திறப்பேன். கையொப்பமிடும்போது கடவுச்சொல் கேட்கும் பெட்டியே வரவில்லை, "இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில்" என்று மட்டும் வந்தது. கடவுச்சொல் கேட்கும் பின்என்ட்ரி நிரலுக்கு எந்த டெர்மினலில் கேட்பது என்று தெரியவில்லை. ஜிபிஜி டிடிஒய் மாறியை பாஷ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பில் ஏற்றுமதி செய்ததும் பெட்டி வந்தது. ஆனால் அதற்குள் மடலைக் கையொப்பமில்லாமல் அனுப்பிவிட்டேன்.

சூரமங்கலம்:
கீழ்வரியை மட்டும் நம்பியதுதான் நாகலூர் நண்பர் செய்த தவறு என்று நினைக்கிறேன். பொதுச்சாவி நம்மிடம் இல்லாவிட்டாலும், மடலே மாறியிருந்தாலும் மட் அதே வரியைத்தான் காட்டும். மேலே ஜிபிஜி சொல்வதைப் படிக்க வேண்டும்.

எனக்கு அங்கே "பேட் சிக்னேச்சர்" (கையொப்பம் பொருந்தவில்லை) என்றே வந்தது. எழுதியவர் பல வருடப் பழக்கம். யாரோ நடுவில் கை வைத்துவிட்டார்கள் என்று பயந்து, அதையே கோப்பாகச் சுருக்கி அனுப்பச் சொன்னேன். அது தேறியது. இரண்டையும் டிஃப் போட்டு ஒப்பிட்டால் கடைசியில் ஒரே ஒரு வரி கூடுதல்: "இம்மடல் இரகசியமானது". அலுவலக சர்வர் ஒட்டியது! பிஜிபி மைம் முறையில் (கையொப்பம் மடலில் தனிப் பகுதியாக வரும் முறை) கையொப்பமிட்ட பகுதிக்குள் ஒரு எழுத்து கூடினாலும் போச்சு. அதே வரியை வெளியே தனிப் பகுதியாகச் சேர்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நாகலூர், ஏற்காடு:
சேலம் ஐந்து ரோட்டுக்கு இறங்கியபோது பேட்டரி வாங்கிப் போட்டேன். அந்த வரியையும் எடுத்துவிட்டேன். இப்போது பட்டியலில் மச்சான் மடலுக்குப் பக்கத்தில் பெரிய எஸ் நிற்கிறது, கையொப்பம் சரிபார்க்கப்பட்டது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை நேரில்தான் சொல்ல வேண்டும்.