எச்டிஆர் லேண்ட்ஸ்கேப்: இன்னும் மனதை அரிக்கும் அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

போடிக்காரன்:
கொழுக்குமலை உதயம். வழக்கமான எச்டிஆர் பிராக்கெட், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல ஷாட், மைனஸ் இரண்டு ஸ்டாப் முதல் பிளஸ் இரண்டு வரை. அவற்றைச் சேர்த்து இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் அடக்கும் டோன் மேப்பிங்கில் மேகம், சூரியன், முன்னால் நிற்கும் பாறையின் புல் வரை எல்லாம் வந்துவிட்டது. லைக் குவிந்தது. அடுத்த தடவை சூரியநெல்லியிலிருந்து ஏற்றிப்போன ஜீப் ஓட்டுநரிடம் போனில் காட்டினேன். அந்த உதயத்தை அன்றாடம் பார்க்கிற மனுஷர். விரலால் பெரிதாக்கிப் பாறையையே பார்த்தார். "சூரியன் அந்தப் பக்கம்ல இருக்கு, இந்தப் பக்கம் யார் சார் லைட் அடிச்சது?" கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நிழலை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரைத் தொட்டாலே இப்போது அந்தக் குரல்தான்.

உப்புக்காற்று:
இதற்கா இவ்வளவு குழப்பம்? கண் பாறையையும் பார்க்கும், வானத்தையும் பார்க்கும். கேமராவுக்குத்தான் அது கொடுத்து வைக்கவில்லை. 1850களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்து அச்சிட்டவர்.

என் கதை தனுஷ்கோடி. 1964 புயலில் சிதைந்த தேவாலயம், சுவர் நிழலில், ஜன்னலுக்கு வெளியே வெளுத்த வானம். பிராக்கெட் ஓடும்போது சங்கு மாலை விற்கும் அக்கா குறுக்கே நடந்தார். ஷாட்டுகளுக்கு நடுவே அசைந்ததை நீக்கும் டீகோஸ்டிங் போடவில்லை. படத்தில் சேலை மட்டும் நிற்கிறது, அதற்குள் சுவர் தெரிகிறது. ஒரு விடுதிக்காரர் அதை வாங்கி வரவேற்பறையில் மாட்டி, வருகிறவர்களிடம் "புயல்ல போனவங்க ஆவி" என்கிறார். அந்த அக்கா இன்றைக்கும் அங்கேதான் மாலை விற்கிறார்!

முக்காலி:
எனக்கும் கொழுக்குமலைதான், மலை விளிம்பு முழுக்க வெள்ளை ஹேலோ, அதாவது ஒளிவளையம். அவ்வளவுதான் கதை.

போடிக்காரன் கவனிக்க: டோன் மேப்பிங்கில் லோக்கல் ஆப்பரேட்டர் என்ற வகை ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்கும். கறுத்த மலை பளிச்சென்ற வானத்தைத் தொடும் இடத்தில் கணக்குப் பிசகி வளையம் விழும். ரெயின்ஹார்ட் என்பவரின் குளோபல் முறையில் படம் முழுக்க ஒரே வளைவு. ஹேலோ வராது, கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஃபட்டால் என்ற லோக்கல் முறை என்றால் அளவோடு. அப்புறம், ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் அசையக் கூடாது, ஷட்டர் மட்டும் மாறட்டும். வைட் பேலன்ஸைப் பூட்டுங்கள். ஸ்டாண்டில் வைத்தால் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். ஃபிரேமுக்குள் சூரியன் இருந்தால் மூன்று ஷாட் போதாது, ஐந்து எடுங்கள். பாறையைத் தூக்கினாலும் வானத்தைவிட இருட்டாகவே விடுங்கள். மானிட்டர் பிரைட்னஸையும் பாருங்கள், பாதிப் பேர் முழுசாக ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ரா மட்டும்:
முக்காலி சார், ஜீப்காரர் ஹேலோவையா கேட்டார்? ஸ்லைடர் பாடம் யார் கேட்டது?

நான் வால்பாறைப் பனியை ஒற்றை ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்து ஒரு காலண்டருக்குக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் கலரா இருக்கட்டும்" என்று அவர்களே டோன் மேப் போட்டுவிட்டார்கள். பனி பச்சையாக அச்சாகி வந்தது. அடியில் என் பெயர் வேறு, கொட்டை எழுத்தில்.