வெள்ள நிவாரண போஸ்டரில் ஏஐ படம் போடலாமா?

தாமிரபரணிக்கரை:

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவில் இருக்கிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள்தான் குழுவில் பெரும்பாலும். இந்த வருஷம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே பாய், போர்வை, அரிசி எல்லாம் சேர்த்து வைத்துவிடலாம் என்று நன்கொடை கேட்டு ஒரு போஸ்டர் தயாரிக்கிறோம். குழுவில் ஒரு தம்பி ஏஐயில் ஒரு படம் செய்து அனுப்பினார். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பாட்டி, தலைக்கு மேலே கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பெரியவர்கள் இரண்டு பேர் "இது எந்தத் தெருப்பா?" என்று கேட்டார்கள், அவ்வளவு நிஜமாக இருக்கிறது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்களிடம் இருக்கும் 2023 படங்களில் இருப்பவர்கள் எல்லாரும் இதே ஊர்க்காரர்கள். அரிசிப் பைக்குக் கை நீட்டி நின்ற தன் முகம் மறுபடி ஊர் முழுக்கச் சுற்றுவதை யார் விரும்புவார்கள்? யாருடைய மானமும் போகாத படம் என்றால் இதுதானே என்கிறார். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கடலூர்_முத்து:

தயவுசெய்து போடாதீர்கள். நோக்கம் நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் படம் உங்கள் கையைவிட்டுப் போனபிறகு நோக்கம் அதோடு கூடப் போகாது.

2023 பிப்ரவரியில் துருக்கி, சிரியா நிலநடுக்கம் நடந்தபோது, கிரேக்கத் தீயணைப்பு வீரர் ஒருவர் இடிபாடுகளுக்கு நடுவே குழந்தையை அணைத்தபடி நிற்கும் படம் ஒன்று சுற்றியது. அது ஏஐ படம், வீரரின் ஒரு கையில் ஆறு விரல். செய்தவர் மோசடிக்காரர் இல்லை, அந்த நாட்டுத் தீயணைப்புத் துறையிலேயே ஓர் உயர் அதிகாரி, வீரர்களைப் பெருமைப்படுத்தச் செய்தது. ஆனால் ட்விட்டரில் சிலர் அதையே எடுத்து, கீழே தங்கள் கிரிப்டோ முகவரியைப் போட்டு நிவாரண நிதி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் பாட்டி படத்துக்கும் இதுதான் நடக்கும். உங்கள் ஜிபே எண்ணை வெட்டிவிட்டு வேறு எண்ணை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய பயம். நிஜமாகவே வெள்ளம் வரும் நாளில் அந்தப் படம் 'இப்போது ஏரல் பக்கம்' என்று ஒரு வரியோடு ஃபார்வர்ட் ஆனால்? கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு குவியும், இருக்கிற இரண்டு படகில் ஒன்று இல்லாத பாட்டியைத் தேடிப் போகும்.

கோட்டோவியம்:

நான் டிசைன் வேலையில் இருக்கிறேன். முத்து அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஏஐயே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சிக்கல் அது புகைப்படம் மாதிரி நடிப்பதில்தான். அதே கருவியிடம் கோட்டோவியமாக, கருப்பு வெள்ளையில் கேளுங்கள், அல்லது ஊரில் வரையத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் இன்னும் நல்லது. ஓவியத்தைப் பார்த்து யாரும் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள், மனசைத் தொடுவதும் குறையாது.

'கீழே சின்னதாக ஏஐ படம் என்று எழுதிவிட்டால் போதாதா' என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இண்டர்நேஷனல் 2023இல் இதைச் செய்து பார்த்தது. கொலம்பியாவில் 2021இல் நடந்த போராட்டங்களைப் பற்றிய பதிவுகளுக்கு ஏஐ படங்கள் போட்டார்கள், ஏஐ படம் என்று குறிப்பும் இருந்தது. போராடியவர்களின் முகம் வெளியே தெரியக்கூடாது என்று காரணம் சொன்னார்கள், ஏறக்குறைய உங்கள் தம்பி சொல்லும் காரணம்தான். ஆனால் படத்தில் கொலம்பியக் கொடியின் நிறங்களே வரிசை மாறியிருந்தன. உண்மையில் நடந்த அடக்குமுறையையே கட்டுக்கதை என்று சொல்ல இது வழி செய்துவிடும் என்று பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கண்டித்தார்கள், கடைசியில் அம்னெஸ்டி அந்தப் படங்களை நீக்கிவிட்டது.

அப்புறம் தொழில்நுட்பம் காப்பாற்றும் என்றும் நம்பவேண்டாம். கூகுளின் சிந்த்ஐடி படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத முத்திரை வைக்கிறது, சி2பிஏ என்ற ஏற்பாடு படம் எங்கே எப்படி உருவானது என்ற விவரத்தைக் கோப்போடு சேர்க்கிறது. இரண்டும் நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே கோப்போடு இருந்த விவரம் போய்விடும், முத்திரை தங்கினாலும் அதைச் சோதித்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் படம் பார்க்கும் அத்தை எங்கே போய்ச் சோதிப்பார்? விரலை எண்ணிக் கண்டுபிடித்த காலமும் போய்விட்டது.

ஈரச்சுவர்:

மாவட்டச் செய்தியாளராக இருந்தவன். பொய்ப் படம் நம்பப்படுவது பாதிக் கேடுதான். மறுபாதி, நிஜப் படத்தை யாரும் நம்பாமல் போவது. 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸுக்குக் கூடிய கூட்டத்தை 'ஏஐயில் செய்தது' என்று டிரம்ப் எழுதினார். கூட்டம் உண்மை, ஆயிரக்கணக்கானவர்கள் நேரில் பார்த்தது, வீடியோவும் இருந்தது. அப்படியிருந்தும் சொல்ல முடிந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். வீடு இடிந்தவர், வாழை சாய்ந்த விவசாயி, மாடு செத்தவர் எல்லாரும் இழப்பீட்டுக்கு மனுவோடு கையில் வைத்திருப்பது செல்போனில் எடுத்த படம். அந்தப் பகுதியிலிருந்து பொய் வெள்ளப்படம் ஒன்று வந்தது என்று தெரிந்தால், அடுத்து வரும் நூறு நிஜப் படத்தையும் 'இது ஏஐயா' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சுமை ஏழையின் தலையில்தான் விழும்.

முகம் இல்லாமல் எடுக்கலாமே. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கொடியில் காயப்போட்ட பாடப்புத்தகங்கள், சேறு அப்பிய தையல் மெஷின். ஊர், தேதி இரண்டையும் படத்தின் மேலேயே பெரிதாகப் போடுங்கள்.

மலர்_டீச்சர்:

ஒரு விஷயம் மட்டும். பழைய படங்களில் உள்ள முகத்தை ஏஐயில் மாற்றிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகள் படம். தெரியாத செயலியில் ஊர்ப் பிள்ளைகளின் படத்தை ஏற்றினால் அது எங்கே போய்த் தங்கும் என்று நமக்குத் தெரியாது. 2023இல் ஸ்பெயினில் அல்மெந்த்ராலெஹோ என்ற ஊரில், பள்ளி மாணவிகளின் சாதாரணப் படங்களை எடுத்து ஒரு செயலியில் நிர்வாணமாக மாற்றிப் பரப்பினார்கள், செய்தது அவர்களோடு பழகிய பையன்கள். அடுத்த வருஷம் 15 சிறார்களுக்கு ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது நீதிமன்றம். நம் ஊரில் இப்படி யாருக்காவது நடந்தால் படத்தை அழிக்கும் முன் ஆதாரத்தைச் சேமித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள், பெண் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தம்பியிடம் முழுவதும் வாசிக்கக் கொடுத்தேன், இழப்பீட்டு மனு விஷயம் அவருக்கும் உறைத்தது, அவர் வீட்டிலேயே வாழை போட்டிருக்கிறார்கள். படத்தைக் குழுவிலிருந்து நீக்கியாயிற்று. ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார், போன் பண்ணி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பள்ளி நூலகச் சுவரில் 2023 தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது, தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு நாளை படம் எடுக்கிறோம். @கோட்டோவியம், அதன்மேல் ஊரும் தேதியும் வெட்ட முடியாதபடி எந்த இடத்தில் எழுதினால் நல்லது?