ஊர்க் கணக்கு, ஊருக்குப் போகும் வழி: நீங்கள் பார்த்தது என்ன?

ஈசூன்_ஒரத்தநாடு:
சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் கூடி, ஊருக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுக்கப் பேசினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மூவாயிரம் பேர், ஆளுக்கு 5 லிட்டர், ஆக நாளைக்கு 15,000 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் இயந்திரம் என்றால் 15 மணி நேரம் ஓட வேண்டும். அதனால் பெரிய மெஷினாக வாங்கலாம் என்று முடிவாகும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார்: "தம்பி, அது நாலு ஊரு சேந்த கணக்கு. நம்ம ஊர்ல ஆயிரம் பேரு இருந்தா அதிகம்." கூட்டமே அடங்கிப்போனது. ஆயிரம் பேருக்கு அதே சின்ன மெஷின் 5 மணி நேரம் ஓடினால் போதும். அக்கா வராமல் இருந்திருந்தால்?

உட்லண்ட்ஸ்_தஞ்சை:
அக்கா சொன்னது சரி. சென்சஸில் 'கிராமம்' என்பது வருவாய் கிராமம். அதற்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும், தனித்தனியாக எண்ணிக்கை வராது. வாக்காளர் பட்டியலில் பாகத்துக்குள் தெருவாரியாகப் பிரித்திருப்பார்கள், அதிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்களை எண்ணலாம். பிள்ளைகளுக்கு ரேஷன் கடையில் கேளுங்கள். இன்னொன்று, 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்த அந்தக் கணக்கெடுப்பில், அப்போது முழுக்க இங்கே வேலையில் இருந்தவர்கள் சேரவே இல்லை. 2001-2011ல் மாநில மக்கள்தொகை வளர்ச்சி 15.6 விழுக்காடு என்று அதை ஊர்க் கணக்கில் ஏற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டுக் கிராமப்புறம் வளர்ந்தது சுமார் 6.6 தான்.

பூன்லே_பட்டுக்கோட்டை:
கணக்கு இருக்கட்டும், வழியைப் பேசுங்கள். இங்கே இறந்த ஒரு தொழிலாளியின் உடல் திருச்சியில் ராத்திரி இறங்கியது. ஆம்புலன்ஸ் டிரைவர் வெளியூர்க்காரர், மேப்பை நம்பினார். அது குறுக்கு வழி என்று கல்லணைக் கால்வாய்க் கரையில் ஏற்றிவிட்டது. பாதியில் கரை சரிந்து கிடந்தது, வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். டிரைவர் இருட்டில் பின்னோக்கியே ஓட்டினார், இறந்தவரின் தம்பி போன் விளக்கைப் பிடித்தபடி பின்னால் நடந்து வழி காட்டினான். அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜூரோங்_வாசகர்:
மேப்பை மட்டும் குறை சொல்வது சரியில்லை. கரைப்பாதை மேப்பில் ரோடு போலத்தான் தெரியும். சவப்பெட்டியை அனுப்பும்போதே ஊர்க்காரர் ஒருவரின் எண்ணை டிரைவரிடம் கொடுத்து, தார்ச்சாலை வழியை மட்டும் சொல்லச் சொல்ல வேண்டும்.

பஸ் பற்றி யாரும் எழுதவில்லையே. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஊருக்கு பஸ் இல்லை என்றால் குறியீடு இருக்கும்: ஏ என்றால் 5 கி.மீ.க்குள் கிடைக்கும், பி 5 முதல் 10, சி அதற்கும் மேல். பஸ் உண்டு என்று போட்டிருந்தாலும் ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பது அதில் இல்லை. மயிலாடுதுறைக்காரர்கள் 2011 கையேட்டை நாகப்பட்டினத்தில் தேட வேண்டும், மாவட்டம் பிரிந்தது 2020-ல்தான்.

நடை விவரத்துக்கு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் கேளுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே: கடைசி பஸ் ஊரில் ராத்தங்குமா, திரும்பிவிடுமா? தங்கினால் விடியற்காலை முதல் நடையும் உறுதி, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். டிரைவரும் கண்டக்டரும் படுக்க அறை, கழிப்பறை, தண்ணீர் இல்லாத ஊர்களில் அந்த பஸ் மெல்ல நின்றுபோகிறது. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் பகலுக்கு உதவும், ராத்தங்கும் பஸ்ஸின் இடத்தை அது நிரப்பாது. ஈசூன் அண்ணே, சின்ன மெஷின் வாங்கி மிச்சமாகும் பணத்தில் ஊராட்சியிடம் கேட்டு அந்த அறைக்கு ஒரு கதவும் தண்ணீர்த் தொட்டியும் போட்டுக் கொடுங்கள்.