ஒரே நெடுவரிசையில் இருப்பதை நான்காகப் பிரிப்பது எப்படி?

கேள்வி:
எக்செல் ஷீட்டில் சரக்கு விவரம் முழுக்க ஏ நெடுவரிசையிலேயே இருக்கிறது. ஒரு செல்லில் இப்படி:

00457, மரத்திருகு, 3-4, 25/06/2024

குறியீடு, பெயர், அளவு, தேதி என நான்காக வேண்டும். டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுத்தால் 00457 வெறும் 457 ஆகிவிடுகிறது, 3-4 தேதியாகிவிடுகிறது. "மரத்திருகு, பித்தளை" என்று பெயருக்குள்ளேயே கமா வரும் வரிகளில் அளவும் தேதியும் ஒரு செல் தள்ளிப் போகின்றன. பி-யில் விலை இருக்கிறது, அதுவும் அழியக் கூடாது.

பதில் 1:
முதலில் 'அன்டூ' செய்துவிடுங்கள். மாறிப்போன 457-ஐ 'டெக்ஸ்ட்' ஃபார்மேட்டுக்கு மாற்றினாலும் போன பூஜ்யங்கள் திரும்ப வராது.

பெரும்பாலோர் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்'-இன் மூன்றாவது திரையைப் பார்க்காமலே 'ஃபினிஷ்' அழுத்துகிறார்கள். சிக்கல் அங்கேதான். கீழே தெரியும் மாதிரியில் குறியீடு, அளவு இரண்டையும் தனித்தனியே கிளிக் செய்து 'டெக்ஸ்ட்' என்று வையுங்கள். 'ஜெனரல்' என்றே விட்டால் எண் போலத் தெரிவதை எண்ணாகவும், தேதி போலத் தெரிவதைத் தேதியாகவும் எக்செல் மாற்றிவிடும். தேதிக்கு 'டேட்', பக்கத்தில் 'டிஎம்ஒய்' (நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை). 'டெஸ்டினேஷன்' பெட்டியில் வலப்பக்கம் காலியாக இருக்கும் ஒரு செல்லைக் கொடுத்தால் விலை தப்பிக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் பெயருக்குள் இருக்கும் கமாவுக்கு அது உதவாது. அந்த வரிகளைக் கண்டுபிடிக்க: லென்(ஏ2)-இலிருந்து (செல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் ஃபார்முலா), கமாவை 'சப்ஸ்டிட்யூட்' மூலம் நீக்கிய பிறகு வரும் லென்-ஐக் கழியுங்கள். 3 வந்தால் சரியான வரி, 4 வந்தால் பெயரில் கமா இருக்கிறது.

பிரிக்கும்போது இரு முனையிலிருந்தும் வாருங்கள். குறியீடு எப்போதும் முதல் கமாவுக்கு முன்னால். அளவும் தேதியும் எப்போதும் கடைசி இரண்டு. நடுவில் எது மிஞ்சினாலும் அது பெயர். எக்செல் 365 அல்லது 2024 என்றால் குறியீட்டுக்கு 'டெக்ஸ்ட்பிஃபோர்', தேதிக்கு 'டெக்ஸ்ட்ஆஃப்டர்' போட்டு மூன்றாவது இடத்தில் -1 (கடைசிக் கமாவிலிருந்து எண்ணச் சொல்வது). பெயருக்கு, முதல் கமாவுக்குப் பின்னால் உள்ளதை 'டெக்ஸ்ட்ஆஃப்டர்' மூலம் எடுத்து, அதையே 'டெக்ஸ்ட்பிஃபோர்'-க்குள் -2 உடன் கொடுங்கள். விடை எழுத்தாகவே வருவதால் பூஜ்யம் போகாது. கமாவுக்கு அடுத்த இடைவெளியை நீக்க வெளியே 'ட்ரிம்' சுற்றுங்கள்.

பழைய பதிப்பு என்றால் பவர் க்வெரி (தரவை மாற்றியமைக்கும் எக்செல் கருவி). 'ஸ்ப்ளிட் காலம்' ஒருமுறை இடது முனைக் கமாவில், பிறகு இரண்டு முறை வலது முனைக் கமாவில். தானாகச் சேரும் 'சேஞ்ச்ட் டைப்' படியை நீக்க மறக்காதீர்கள், பூஜ்யத்தை விழுங்குவது அதுதான்.

கேள்வி கேட்டவர்:
பெயர்கள் சரியாக வந்துவிட்டன, நன்றி. தேதி மட்டும் எழுத்தாகவே நிற்கிறது, வரிசைப்படுத்த முடியவில்லை. இதே ஷீட் கூகுள் ஷீட்ஸிலும் வேண்டும்.

பதில் 2:
தேதி நெடுவரிசையைக் காப்பி செய்து 'வேல்யூஸ்' ஆக ஒட்டுங்கள். அதை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்': முதல் இரண்டு திரையில் எதையும் பிரிக்க வேண்டாம், மூன்றாவதில் 'டிஎம்ஒய்'. உண்மையான தேதியாகிவிடும்.

பதில் 3:
கூகுள் ஷீட்ஸில் 'ஸ்ப்ளிட்' வேண்டாம், அதுவும் பூஜ்யத்தை நீக்கிவிடும். 'ரெஜெக்ஸ்எக்ஸ்ட்ராக்ட்' (கொடுக்கும் வடிவத்துக்குப் பொருந்துவதைப் பிரித்தெடுக்கும் ஃபார்முலா) பயன்படுத்தி, ஏ2-க்கு அடுத்து இதைக் கொடுங்கள்:

"^([^,]*), *(.*), *([^,]*), *([^,]*)$"

நான்கு அடைப்புக்குறிகளுக்கு நான்கு செல்கள் நிரம்பும். இரண்டாவதுதான் பெயர், கூடுதல் கமா எத்தனை இருந்தாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். வலப்பக்கம் மூன்று செல்கள் காலியாக இல்லாவிட்டால் 'ரெஃப்' பிழை காட்டும்.